பணிப்பாளரின் நல்ல பெயர்

தம்பிக்கு,

உன் படம் வந்த பத்திரிகையை மாங்குளம் சந்தியில் ஒரு கடைக்காரர் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். பஸ்ஸால் இறங்கியதும் கூப்பிட்டுத் தந்தார். "ரீச்சர், உங்கட மகன் பெரிய ஆளாகிட்டார், பாருங்கோ" என்றார். கழுத்தில் மாலையோடு நின்றாய். வடபகுதி முழுவதற்கும் அந்த எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பாளராக உன்னை நியமித்திருக்கிறார்கள் என்றும், நேர்மைக்குப் பேர்போன பழைய பணிப்பாளரின் வழியில் வந்தவன் நீ என்றும் எழுதியிருந்தார்கள். கடைக்காரர் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காகச் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தத் தாளை மடித்து, உன் முகம் உள்ளே போகும்படி வைத்துக்கொண்டேன். பெற்ற மகன் உயர்ந்திருக்கும்போது ஒரு தாய் ஏன் அவன் முகத்தை மறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் குறுக்கிடுவாய், நானும் நடுவில் நிறுத்திவிடுவேன். எத்தனையோ தரம் அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

போன கிழமை நீ தொலைபேசி எடுத்துச் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில், குளத்துக்குக் கீழே, உங்கள் நிறுவனம் எண்ணெய் நிரப்பி வைக்கும் பெரிய தாங்கிகள் கட்டப் போகிறது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் வைத்திருக்கிறது. "அம்மா, நீங்கள் மேடையில இருங்கோ. அங்கத்தைய தாய்மாரில பாதிப்பேர் உங்களிட்டைப் படிச்சதுகள். நீங்கள் ஒரு வார்த்தை கதைச்சால் காணும்" என்றாய். ஊரவர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "அதுகளுக்குப் பயம்தான் அம்மா. பயம் ஒருக்காக் கிளம்பிச்சுதெண்டால் பிறகு நிப்பாட்டேலாது" என்றாய். தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்டேன். அந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், தம்பி. சொல் மாறாமல், நம் முன்னறையில், நீ வீட்டில் இல்லாத ஒரு பின்னேரத்தில், இன்னொருவர் வாயிலிருந்து கேட்டேன். அவர் உனக்கு அதைச் சொல்லித் தந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதிரையில் போய் இருக்கிற எவருக்கும் அந்த வசனம் தானாகவே வாயில் வந்துவிடுகிறதோ என்றுதான் பயப்படுகிறேன்.

யுத்தம் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து இரண்டாம் வருஷம் அது. உன் அப்பா இல்லாத முதல் வருஷங்கள். தகரக் கூரைக்குக் கீழே நீ உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வீதியைப் புதிதாகப் போட்டு முடித்த கையோடு, சந்தியில் வாகனங்களுக்கு எண்ணெய் அடிக்கிற அந்தப் பெற்றோல் செட்டை உன் நிறுவனம்தான் கட்டியது. இரவல் வெளிச்சம் என்றாலும் சந்திக்கு வெளிச்சம் வந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். செட்டுக்குப் பின்வேலிதான் தவமணியின் காணி. அவவின் மகள் சுகந்தி உன் வகுப்பு. ஒரு காலை, பள்ளிக்கூட மணி அடிக்க முன்னம், தவமணி ஒரு போத்தலைச் சீலைத்தலைப்பில் சுற்றிக்கொண்டு ஆய்வுகூடத்து வாசலில் நின்றா. "ரீச்சர், இதை ஒருக்கா மணந்து பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி. நேற்று உலை வைச்சனான், சோறு முழுக்க மண்ணெண்ணெய் மணம்" என்றா. மணந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்கப் பரவிவிட்டது.

விஞ்ஞான ஆசிரியை என்ற முறையில் செய்ய வேண்டியதைச் செய்தேன். தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைத்தேன். முதலாம் பாடம் முடிந்து வந்து பார்த்தபோது அது இரண்டாகப் பிரிந்திருந்தது. கீழே தெளிந்த தண்ணீர்; மேலே ஒரு விரலளவு மஞ்சளாக வேறொன்று. மேலே நின்றதை மட்டும் உறிஞ்சி எடுத்து, ஒரு பீங்கான் தட்டில் விட்டு, நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனேன். குச்சி தொடுவதற்கு முன்னரே பற்றியது. கரும்புகை கக்கி எரிந்து, தட்டின் விளிம்பில் கரி படிந்தது. தவமணி என் முகத்தைப் பார்த்தா. "நிலத்துக்கு அடியில தாங்கி எங்கையோ ஒழுகுதெண்டு நினைக்கிறன். நான் விசாரிச்சுச் சொல்லுறன், அதுவரைக்கும் குடியாதேங்கோ" என்றேன். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வசனத்தோடு நான் நின்றிருந்தால், இந்தக் கடிதத்துக்குத் தேவை வந்திராது.

நான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆட்கள் யாரையாவது அனுப்பி மிரட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் வேறெதையும் எதிர்பார்க்கப் பழகியிருக்கவில்லை. ஆனால் வந்தவர், பத்திரிகையில் உன்னோடு சேர்த்து எழுதியிருக்கிற அந்தப் பழைய பணிப்பாளர். கொழும்பிலிருந்து தானே வந்தார். வாகனத்தை ஒழுங்கையின் முகப்பில் விட்டுவிட்டு நடந்து வந்தார், வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், நல்ல தமிழில் கதைத்தார். அவரைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கதைதான். ஒருவரிடமும் ஒரு சதம் கைநீட்டி வாங்காதவர். குடிக்காதவர். தன் சாரதி சாப்பிடாமல் தான் சாப்பிடாதவர். அவை எல்லாம் உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். தேநீர் குடித்தார். உன் அப்பாவின் படத்துக்கு முன் போய் நின்றார். பிறகு என் எதிரே இருந்து, என் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தார்.

"ரீச்சர், நீங்கள் எழுதினது சரியாத்தான் இருக்கும். நான் மறுக்கேல்லை" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. "நீங்கள் பொய் சொல்ல வேணுமெண்டு நான் ஒருநாளும் கேக்கமாட்டன். தாங்கியைத் திருத்துவிப்பன், அது என்ரை பொறுப்பு. ஆனால் ஒண்டு யோசியுங்கோ. இந்தச் சனம் இப்பதான் கூரை போட்டிருக்கு. தண்ணியில நஞ்செண்டு ஒரு கதை போனால் திரும்ப மூட்டைகட்ட வெளிக்கிடுங்கள். பயம் ஒருக்காக் கிளம்பிச்சுதெண்டால் பிறகு நிப்பாட்டேலாது. மழை ரெண்டு பெய்தால் நிலம் தானாக் கழுவிப்போடும். அதுவரைக்கும் சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டதை நான் உங்களிட்டை விடுறன். உங்களைத்தான் அவை நம்புவினம்." எழுந்து போகும்போது உன் புத்தகங்களைப் பார்த்தார். "மகன் எப்பிடிப் படிக்கிறார்?" என்று கேட்டார். நன்றாகப் படிக்கிறான், மேலே படிப்பிக்கத்தான் வழி தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டினார். ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் எதற்கும் வாக்குக் கொடுக்கிற மனிதர் அல்ல.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம். தண்ணீரைப் பற்றி யாரோ கேட்டார்கள். பள்ளிக்கூட அதிபர் என்னைப் பார்த்தார், நான் எழுந்தேன். "கன வருஷம் இறைக்காமல் கிடந்த கிணறுகள். அடியில சருகும் சேறும் ஊறி அந்த மணம் வருது. நல்லா இறைச்சு, மருந்து போட்டால் சரியாகும். பயப்பட ஒண்டுமில்லை" என்றேன். இதை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. நானே யோசித்து, சருகு என்றும் சேறு என்றும் நம்பக்கூடியதாகச் சொன்னேன். முன் வரிசையில் தவமணி இருந்தா. தட்டில் எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தவ. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தான் பார்த்ததுதான் பிழையாக்கும் என்று நினைத்தவபோல் மெல்லத் தலையைக் குனிந்தா. என் வாழ்க்கையில் நான் பார்த்த மோசமான காட்சிகளை நீ அறிவாய், சிலவற்றை என்னோடு சேர்ந்தே பார்த்தாய். ஆனால் அந்தத் தலை குனிந்ததுதான் எனக்கு அடிக்கடி வருகிறது.

மூன்று கிழமையில் உனக்குப் புலமைப்பரிசில் கடிதம் வந்தது. உயர்தரம் முடிந்ததும் கொழும்பில் படிப்பு, தங்குமிடம், படித்து முடிய நிறுவனத்திலேயே பயிற்சி. நீ அந்தக் கடிதத்தோடு முற்றத்தைச் சுற்றி ஓடினாய். உன் பள்ளிக்கூடப் புள்ளிகளுக்காகத்தான் தந்தார்கள் என்று இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வருகிறாய். நீ கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருஷம் உன்னைப்போல இன்னும் பலர் எடுத்தார்கள், அவர்களுக்குக் கடிதம் வரவில்லை. அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நானும் முடிச்சுப் போடவில்லை. போடாமல் இருப்பதற்கு எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். நீ கொழும்புக்குப் போவதற்கு முன்பு, சுகந்தி வீட்டுக்குப் படிக்கப் போகும்போதெல்லாம் "அங்கை தண்ணி வென்னி ஒண்டும் வாங்கிக் குடியாதை" என்று உனக்குச் சொல்லுவேன். ஒருநாள் நீ கோபத்தில் கத்தினாய். "இவ்வளவு அழிஞ்ச பிறகும் நீங்கள் சாதி பாக்கிறீங்களோ அம்மா? அவையும் எங்களோடைதானே முகாமில ஒரே வாளியில தண்ணி அள்ளினவை" என்றாய். கண் கலங்கி, அன்று பின்னேரமே வேண்டுமென்றே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பச்சைத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாய். மகன் என்னைச் சாதி பார்க்கிறவள் என்று நினைத்துக்கொள்ளட்டும், உண்மையைத் தெரிந்துகொள்வதைவிட அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் நீ அப்படித்தான் நினைத்திருக்கிறாய். நான் சாதி பார்க்கவில்லை, தம்பி. என் பிள்ளைக்கு ஒரு தண்ணீரும் மற்றவள் பிள்ளைக்கு ஒரு தண்ணீரும் பார்த்தேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

தாங்கியைப் பிறகு திருத்தினார்கள். பெரிய மழை பெய்தது, மணம் குறைந்தது. தவமணி குடும்பம் அதே தண்ணீரைத்தான் தொடர்ந்து குடித்தது. நீ கொழும்பில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது சுகந்திக்கு இரத்தத்தில் வருத்தம் வந்தது. முதலில் பல்முரசில் இரத்தம், பிறகு தொடுகிற இடமெல்லாம் நீலம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு வருஷம் அலைந்தார்கள். கிணற்றால்தான் வந்தது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை, ஏனென்றால் கிணற்றைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருத்தி, ஒரு பை தோடம்பழத்தோடு போய்க் கட்டிலருகே இருந்துவிட்டு வந்தாள். சுகந்தியின் செத்தவீட்டுக்கு உனக்குப் பரீட்சை, வர முடியவில்லை, தொலைபேசியில் அழுதாய். பணிப்பாளர் வந்தார். கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, பின்வரிசையில், வெயிலில் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாகனம் ஒழுங்கு செய்து கொடுத்ததும் அவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தவமணி எழுந்து போய் அவரைக் கைகூப்பிக் கும்பிட்டா. ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் கதை, எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு நல்ல மனம் என்று. நானும் ஓம் ஓம் என்றேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தார். குரல் தளர்ந்துபோயிருந்தது. உன்னைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தார், தனக்குப் பிறகு உன்னைப்போல ஆட்கள்தான் வரவேண்டும் என்றார். பிறகு, வைக்கப்போகும் நேரத்தில், "ரீச்சர், நான் ஒரு பொய்யும் சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை ஐயா, நீங்கள் சொல்லேல்லை" என்றேன். "அதுதான்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்தார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்துகொண்டேன். அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சுத்தமான உண்மை. அவர் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. சொல்லவேண்டிய பொய்களை எல்லாம் என்னைப்போல ஆட்கள் சொன்னோம். செட்டில் வேலைக்கு நின்றவன் சொன்னான், தாங்கியைப் பற்றி அறிக்கை எழுதினவன் சொன்னான், நான் சொன்னேன். அவரிடம் வந்துசேர்ந்தது நல்ல பெயர் மட்டும்தான். மேலே இருக்கிற ஒருவரின் பெயர் வெள்ளையாக இருக்கிறதென்றால், கீழே யாருடைய வாயாவது கழுவமுடியாமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அன்றைக்குப் படித்தேன்.

இவ்வளவும் பழைய கதை, நீ வேறு ஆள், காலமும் வேறு என்று நீ சொல்லலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது இந்தத் தாங்கிகளைப் பற்றிய உன் ஆங்கிலக் கோப்பு ஒன்றை அலுமாரிக்கு மேல் விட்டுவிட்டுப் போனாய். மேடையில் கதைக்க முன்னம் பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய, அதே திட்டத்தின் தமிழ்ப் புத்தகம் போன கிழமைதான் தபாலில் வந்தது. எதைக் கதைக்கப் போகிறேன் என்று தெரிந்துகொள்ள இரண்டையும் பக்கத்தில் வைத்து, அகராதியோடு இருந்து, இரண்டு பகல் வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. மண்ணைச் சோதித்த பொறியியலாளர் எழுதியது. அந்த இடத்தில் நிலத்தடித் தண்ணீர் மேல்மண்ணுக்கு மிகக் கிட்டத்தில் ஓடுகிறது, ஒழுகினால் அயலிலுள்ள வீட்டுக் கிணறுகளுக்குப் போகும், வேறு இடம் பார்ப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார். தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. தவறிப்போய் விடுபட்டிருக்கும் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் ஆங்கிலப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நாலு சொல் இருக்கிறது. தமிழில் இது தேவையில்லை என்று அர்த்தம். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது, முதல் இடப்பெயர்வில், ஒரு கொப்பிக்கு வழியில்லாமல், ஈர மணலில் உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கினவள் நான்.

நீ யாரிடமும் கைநீட்டியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். குடிக்க மாட்டாய். உன் சாரதியிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாய். ஊர் உன்னை நல்லவன் என்று சொல்லும், அதுவும் பொய்யாக இராது. அந்த நல்லவன்தான் எனக்குப் பயமாக இருக்கிறான். கெட்டவன் ஒருவன் வந்து கேட்டிருந்தால் தவமணியின் கிணற்றை நான் விற்றிருக்க மாட்டேன். நீ என்னைப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை, ஒரு வார்த்தை கதைக்கச் சொல்லித்தான் கேட்டாய். நெடுங்கேணியில் என்னிடம் படித்த அந்தத் தாய்மாருக்கு இப்போது கைப்பிள்ளைகள் இருக்கின்றன. நான் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர்கள் தலையைக் குனிந்து நம்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை தவமணியிடம் போனேன். முற்றத்தில் பயறு காயப்போட்டுக்கொண்டிருந்தா. கதிரை எடுத்துப் போட்டா, நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தட்டில் எரிந்ததில் தொடங்கி, பெற்றோர் கூட்டம், உன் புலமைப்பரிசில், உன்னைத் தண்ணி குடிக்காதே என்று தடுத்தது வரைக்கும். அவ பயறைத் துழாவுவதை நிறுத்தவில்லை. நான் முடித்தபிறகு, "அவள் சாகிறதுக்கு முதல் கிழமையும் உங்களைத்தான் கேட்டவள். ரீச்சர் வந்தால் எழுப்புங்கோ எண்டு" என்றா. பயறை ஒரு பக்கம் கூட்டி ஒதுக்கிவிட்டு, "தம்பிக்கு இது தெரியுமோ?" என்று கேட்டா. தெரியாது என்றேன். "அப்ப கூட்டத்துக்கு முதல் அவருக்குச் சொல்லுங்கோ. தெரியாமல் செய்யிறதும் தெரிஞ்சு செய்யிறதும் ஒண்டில்லை" என்றா. அவ சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம் உன் கைக்கு முதலில் வருகிறது. இதன் பிரதி ஒன்றைப் பிறகு அவவிடமும் கொடுப்பேன். அதை யாருக்குக் காட்டுவது என்பது இனி அவவின் விருப்பம்.

பொறியியலாளரின் பக்கத்தை நான் தமிழில் எழுதிவிட்டேன். மாங்குளத்தில் கொடுத்து வேண்டிய அளவு படியெடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் மேடைக்கு வரமாட்டேன், சனத்தோடு கீழே இருப்பேன். நீ எழுந்து முதலில் அந்தப் பக்கத்தை உன் வாயால் வாசி. வாசித்தால் உன் வேலை போகலாம், அந்தப் படம் போட்ட பத்திரிகையே உன்னைப் பற்றி வேறு மாதிரி எழுதலாம். வீட்டுக்கு வா, எனக்கு ஓய்வூதியம் வருகிறது, இருவரும் சாப்பிடலாம். நீ வாசிக்காவிட்டால் நான் எழும்புவேன். என் மகன் என்று பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் வாசிப்பேன்.

மாங்குளத்தில் இருந்து காலை நெடுங்கேணி பஸ்ஸில் வருவேன். தவமணியும் வருகிறா. வரச்சொல்லி நான் கேட்கவில்லை; செவ்வாய்க்கிழமை நான் புறப்பட்டு அவவின் ஒழுங்கை முகப்புக்கு வந்தபிறகு பின்னால் வந்து தானாகவே சொன்னா. "நானும் அந்தப் பஸ்ஸிலதான் வாறன். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில இருக்கமாட்டன்" என்றா.

அம்மா